மர டிரைவரின் கைக்குக் கீழே

பூங்காவில் ஒரு குட்டி ரயில் இருந்தது. இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஓடியதா என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பேச்சு. முன்பெல்லாம் அது சும்மா ஓடிக்கொண்டிருந்ததாம். குழந்தைகள் அதன் பெட்டிகள் மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காருவார்களாம். அது குளத்தைச் சுற்றி, ஒரு பொம்மைச் சுரங்கத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, ஏறின இடத்திலேயே இறக்கிவிடுமாம். இதில் குழந்தைகளுக்கு என்ன அறிவு வளர்ந்தது என்று ஒருநாள் ஒரு பெரிய மனிதர் கேட்டுவிட்டார். கேட்டவர் பதவியில் இருந்ததால் அது வெறும் கேள்வியாக நிற்கவில்லை. குழு கூடியது. கூடின குழு வெறுங்கையோடு கலையுமா? சிறுவர் ரயில் கல்வி மையம் என்று ஒன்று பிறந்தது. இனிமேல் ரயிலைப் பற்றி முழுக்கக் கற்றுத் தேறிய குழந்தைகள்தான் ரயிலில் ஏறலாம் என்று முடிவானது.

இந்தக் கதையெல்லாம் லிப்ட்காரருக்குத் தெரியாது. அவர் ஊருக்கு நடுவில் இருந்த உயரமான அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறவர். காலையில் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தால் மாலை வரை மேலும் கீழுமாகப் போய் வந்து, கடைசியில் தரைத்தளத்தில் இறங்கி வீட்டுக்கு நடப்பார். அவருடைய மூத்த மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஊதல். பேச்சு வருவதற்கு முன்பே, தூரத்தில் ரயில் கூவினால் தொட்டிலில் இருந்து பதிலுக்குக் கூவிய குழந்தை அது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ரயில் பைத்தியம் மட்டும் தெளியவில்லை. சாயங்காலம் அப்பா வந்ததும் வீட்டிலிருக்கிற நாற்காலிகளை எல்லாம் வரிசையாகப் போடுவாள். முதல் நாற்காலியில் அவள். நடுவில் தங்கை, சரக்குப் பெட்டி. கடைசிப் பெட்டி அப்பா. கூ என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் பக்கத்து வீட்டில் தட்டு கீழே விழும்.

"அப்பா, உன் லிப்ட் நேரா போகுமா?"

"இல்லம்மா. மேலயும் கீழயும்தான்."

"அப்ப அதுல போறது போறதே இல்ல," என்று ஊதல் தீர்ப்புச் சொன்னாள்.

அதைக் கேட்டுத்தான் அவர் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார். பூங்காவின் குட்டி ரயிலில் உன்னை ஏற்றிக் காட்டாவிட்டால் நான் உன் அப்பன் இல்லை என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டார். மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி வார விடுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

வாசலில் மரத்தில் வெட்டி வர்ணம் பூசிய ஒரு டிரைவர் நின்றிருந்தார். தலையில் தொப்பி, முறுக்கு மீசை, பக்கவாட்டில் நீட்டிய ஒரு கை. கைக்கு மேல் எழுதியிருந்தது: இந்தக் கைக்குக் கீழே நிற்கும் குழந்தைகள் மட்டும் பயணம் செய்யலாம். ஊதல் ஓடிப்போய்க் கீழே நின்றாள். அவள் தலைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் அப்பாவின் நான்கு விரல்கள் தாராளமாகப் போயின. இருவரும் சிரித்தார்கள்.

மையத்தின் இயக்குநர் வெளியே வந்தார். கோட்டில் ரயில் சின்னம் குத்தியிருந்தார். பேசும்போது ஆளைப் பார்க்காமல் ஆளின் தலைக்கு மேலே பார்க்கிற பழக்கம் உள்ளவர்.

"சார், இன்னைக்கே ஏறிடலாமா?"

"ஏறலாம். ஏறி என்ன பண்ணுவா?"

"உக்காருவா சார்."

"பாத்தீங்களா? உக்காருவா. அவ்வளவுதான் உங்களுக்குத் தோணுது. பெத்தவங்க இப்படித்தான் யோசிப்பாங்க, நான் தப்பு சொல்லல. ஆனா ரயிலப் பத்தி ஒண்ணுமே தெரியாத குழந்தைய ரயில்ல ஏத்தறது இருக்கே, அது குழந்தைக்கும் துரோகம், ரயிலுக்கும் துரோகம். மொதல்ல பாடம். அப்புறம் பயிற்சி. அப்புறம் தேர்வு. பயணம் அதுக்கப்புறம் தானா வரும்."

லிப்ட்காரர் தயங்கித் தயங்கி மர டிரைவரைக் காட்டினார். "அதுக்குள்ள இவ வளர்ந்துட்டா? எதுக்கு சார் அந்தக் கை?"

"சுரங்கம் தாழ்வா இருக்கு. தலை இடிக்கும்."

"கொஞ்சம் குனிஞ்சுக்குவாளே சார்."

இயக்குநர் முதல் தடவையாகப் பார்வையைக் கீழே இறக்கி அவர் முகத்தைப் பார்த்தார். "குனியறதா? ஒரு குழந்தையக் குனிய வைக்கற கல்வி நம்மளுக்குத் தேவையே இல்ல. இங்க படிக்கற பிள்ளைங்க தலை நிமிர்ந்துதான் போகணும்."

லிப்ட்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாள் முழுக்க ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் குனிந்து குனிந்து வணக்கம் போடுகிறவர் அவர். தன் மகளைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருக்கிறதே என்று வழி முழுவதும் நினைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் மனைவியிடமும் சொன்னார்.

"ஏத்தினாங்களா இல்லையா?" என்றாள் அவள். அவள் செருப்புக் கடையில் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறவள். பிள்ளைகள் வளர்கிற வேகம் அவளுக்கு மனப்பாடம்.

"பாடம் முடியட்டும்னாங்க."

"பாடம் மெதுவா முடியும். உம் பொண்ணு கால் மெதுவா வளராது. நான் தெனமும் பாக்கறேன்."

அவளுக்கு எதிலும் குற்றம் காண்கிற புத்தி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறுதோறும் வகுப்பு நடந்தது. பெற்றோர்கள் பின் பெஞ்சில் உட்காரலாம், வாய் திறக்கக்கூடாது. டீச்சரம்மா நல்ல மனுஷிதான். மேலிடத்தில் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொல்லுகிற நல்ல மனுஷி.

"ரயில் என்றால் என்ன? யார் சொல்றீங்க?"

ஊதல் துள்ளி எழுந்து, "கூ!" என்றாள். வகுப்பே சிரித்தது.

"அது ரயில் இல்லம்மா. அது ஒலி. ஒலி ரெண்டாம் பாகத்துல வரும். ரயில் என்பது தண்டவாளத்தின் மீது ஒழுங்காகச் செல்லும் ஊர்தி. எல்லாரும் சொல்லுங்க."

எல்லோரும் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்த ஊர்தி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஒழுங்காக நின்றது. தூசி படியக்கூடாது என்று போர்த்தியிருந்தார்கள். தார்ப்பாய் மேல் படிந்த தூசியைத் துடைப்பதற்கு என்று ஒரு ஊழியர் தனியாக இருந்தார். பார்த்த ரயிலை வரைந்து காட்டுங்கள் என்று ஒருமுறை டீச்சரம்மா சொன்னபோது, குழந்தைகள் எல்லோரும் தார்ப்பாயை வரைந்தார்கள். டீச்சரம்மா அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் போட்டார்.

இரண்டாம் பாகமும் வந்தது. ஊதல் முந்தின நாள் முழுவதும் வெந்நீரால் தொண்டையைச் சரிசெய்து வைத்திருந்தாள். ஆனால் பூங்காவில் சத்தம் போடக்கூடாது என்பது விதி. அதனால் ரயிலின் ஒலியை வாயால் எழுப்பாமல், அதன் பயன்களை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று பாடத்தை அமைத்திருந்தார்கள். ஊதல் சொன்னாள். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாள்.

அடுத்தது காத்திருப்புப் பயிற்சி. இதற்கென்று புதிதாக ஒரு கூடமே கட்டியிருந்தார்கள். பெஞ்சுகள் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிற மாதிரி பார்த்துச் செய்யப்பட்டவை. குழந்தைகள் அங்கே உட்கார்ந்ததும் ஒலிபெருக்கி பேசியது: வண்டி தாமதமாக வரும், வருந்துகிறோம். கொஞ்ச நேரம் கழித்து, மேலும் தாமதமாக வரும், மேலும் வருந்துகிறோம் என்றது. அசைந்த குழந்தைகளின் பெயருக்கு நேரே டீச்சரம்மா கோடு போட்டார். இயக்குநர் பெற்றோர்களைச் சேர்த்து வைத்து விளக்கினார்.

"ரயில ஓட்டறது என்ன பெரிய விஷயம்? மோட்டார் இருந்தா அதுவா ஓடும். வராத ரயிலுக்கு ஒருத்தன் எழுந்து போகாம உக்காந்திருக்கான் பாருங்க, அவன்தான் படிச்சவன். மத்த ஊர்ல பிள்ளைங்களுக்கு ரயில் குடுக்கறாங்க. நாம பொறுமையக் குடுக்கறோம்."

ஒரு அம்மா, "எப்பதான் சார் ஏத்துவீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவள் குழந்தையை விட அவளுக்குத்தான் இந்தப் பயிற்சி தேவை என்று இயக்குநர் சொன்னார். மற்ற பெற்றோர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். லிப்ட்காரரும் பார்த்தார். அடுத்த ஞாயிறு அந்த அம்மா வரவில்லை.

நாள் போகப் போக மர டிரைவரின் கைக்குக் கீழே இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. நான்கு விரல் மூன்றாகி, மூன்று இரண்டாகி, ஒரு ஞாயிறு அவருடைய சுண்டுவிரல் மட்டும் பட்டும் படாமலும் நுழைந்தது. ஊதலுக்கு உச்சியில் தூக்கிக் கட்டுகிற குடுமி மிகவும் பிடிக்கும். அதை அவிழ்த்து, எண்ணெய் தடவி, தலையோடு தலையாக அழுத்திப் பின்னிவிட்டார்கள். தடித்த செருப்பு போய் மெல்லிய செருப்பு வந்தது. பால் டம்ளரை அவர் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ஒருநாள் மகள் இரண்டாவது டம்ளர் கேட்டபோது, "போதும்மா" என்று கை தானாகப் போய்த் தடுத்தது.

மனைவி பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். "ஊர் உலகத்துல பிள்ளை வளரலையேன்னு அழுவாங்க. வளருதேன்னு அழற அப்பன நான் இங்கதான் பாக்கறேன். நல்லா வேண்டிக்கோ."

அவருக்கு வெட்கமாக இருந்தது. டம்ளரை அவரே நிரப்பிக் கொடுத்தார். ஊதல் பாலைத் தொடவில்லை.

"எனக்கு வேண்டாம்பா," என்றாள். "அடுத்த வாரம் விபத்துப் பாடம். அதுக்கப்புறம் ஏத்திடுவாங்க."

விபத்துப் பாடம் புல்வெளியில் நடந்தது. குழந்தைகள் அங்குமிங்கும் விழுந்து கிடந்தார்கள். சிலருக்குக் கையில் கட்டு, சிலருக்குத் தலையில். ஊதலுக்கு வசனமே இல்லாத வேஷம். முகத்தின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டார்கள். பெற்றோர்கள் உறவினர்களாக நின்று அழ வேண்டும். தனக்கு அழ வராது என்று லிப்ட்காரர் நினைத்திருந்தார். அந்தத் துணியைப் பார்த்ததும் வந்துவிட்டது. இயக்குநர் கறுப்புப் பட்டை அணிந்து, தயாராக வைத்திருந்த இரங்கல் உரையை வாசித்தார். இந்தத் துயரத்தில் மையம் தோளோடு தோள் நிற்கிறது, விசாரணைக் குழு அமைக்கப்படும், யார்மீதும் தவறில்லை என்று குழு கண்டுபிடிக்கும் என்றார்.

"சார்," என்றார் லிப்ட்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வண்டி இன்னும் ஓடவே இல்லையே. அதுக்குள்ள எதுக்கு சார் விபத்து?"

"ஓடினா விபத்து நடக்கும்னு நீங்களே ஒத்துக்கறீங்க இல்ல?"

"ஆமா சார்."

"அதனாலதான் நாங்க ஓட்டறதில்ல. இவ்வளவு பாதுகாப்பான ரயில் எந்த ஊர்லயாவது இருக்கா சொல்லுங்க."

லிப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசியில் நிறைவு விழாவும் வந்தது. ஊதல் முதலாவதாகத் தேறியிருந்தாள். தேறியவர்கள் விழாவன்று ரயிலில் ஏறுவார்கள் என்று வாசலில் பலகையே வைத்திருந்தார்கள். மனைவி கடையில் லீவு சொல்லிவிட்டுச் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தார்ப்பாய் போயிருந்தது. பச்சை இன்ஜினும் சிவப்புப் பெட்டிகளும் கழுவித் துடைத்து வெயிலில் நின்றன. ஊதல் அதைப் பார்த்தாள். அவ்வளவு நாளும் பாடம் படித்த ஊர்தியை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். அவள் வாய் தானாகக் குவிந்தது. உடனே டீச்சரம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மகளை மர டிரைவரின் கைக்குக் கீழே நிற்க வைத்து லிப்ட்காரர் ரகசியமாக அளந்து பார்த்தார். விரல் போகவில்லை. ஒரு காகிதம் போகும். போதும், காகிதம் போனால் போதும் என்று நினைத்தார்.

விழாத் தலைவராக வந்தவர், குழந்தைகளுக்கு என்ன அறிவு வளர்ந்தது என்று முதன்முதலில் கேட்ட அதே பெரிய மனிதர். இப்போது இன்னும் பெரிய மனிதராகி இருந்தார். ஒலிபெருக்கி முன்னால் நின்று உருகினார்.

"நான் சின்னப் பையனா இருந்தப்ப இதே ரயிலப் பாத்ததும் ஏறணும்னு தோணிச்சு. ஏறிட்டேன். சுத்திச் சுத்தி வந்தேன், கத்தினேன், சிரிச்சேன். என்ன கத்துக்கிட்டேன்? ஒண்ணும் இல்ல. அந்த ஏமாற்றம் இந்தத் தலைமுறைக்கு வரக்கூடாதுன்னுதான் நாங்க பாடுபடறோம். இந்தக் குழந்தைங்க குடுத்து வெச்சவங்க. இவங்க ஒரு தடவகூட ஏறல!"

பலத்த கைதட்டல். லிப்ட்காரரும் தட்டினார். மனைவி தட்டவில்லை, சின்னவளைத் தூக்கியிருந்ததால் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பேசி முடித்த தலைவர் ரயிலைப் பார்த்தார். கையை உரசிக்கொண்டார். "ஒரு சுத்து போய்ப் பாத்துடலாமா?"

இயக்குநர் ஓடினார். முதல் பெட்டியில் தலைவர், அவர் பின்னால் இயக்குநர், அதற்குப் பின்னால் குழு உறுப்பினர்கள், அவர்களின் உதவியாளர்கள். முழங்கால் தாடையில் இடிக்க, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மர டிரைவரின் கை அவர்களுக்கு மார்பளவுகூட வராது. ஆனால் அந்தக் கை குழந்தைகளை அளப்பதற்குத்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. குழந்தைகள் வரிசையில் நின்று கொடி ஆட்டினார்கள். ஊழியர் மோட்டாரை முடுக்கினார். முடுக்கினார், மறுபடியும் முடுக்கினார். அது ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான். பாவம், எப்போது கடைசியாக ஓடியது என்று அதற்கே மறந்து போயிருக்கும்.

இயக்குநர் அசரவில்லை. எந்தச் சங்கடத்தையும் பாடத்திட்டத்தில் சேர்த்துவிடக்கூடிய மூளை அவருடையது. "இப்போது செய்முறைப் பயிற்சி!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அறிவித்தார். "நன்றாகத் தேறிய குழந்தைகள் முன்னால் வாங்க. ரயிலின் இயக்கத்தைக் கைகளாலேயே உணரப் போகிறீர்கள்."

குழந்தைகள் பின்னால் போய்க் கடைசிப் பெட்டியில் கை வைத்தார்கள். ஊதல் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். தள்ளட்டுமா, வேண்டாமா என்று கேட்கிற பார்வை அது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பாள்.

"தள்ளும்மா," என்றார் லிப்ட்காரர். "அப்புறம் உன்ன ஏத்துவாங்க."

தள்ளினார்கள். ரயில் நகர்ந்தது. தலைவர் குழந்தையாகவே மாறிவிட்டார். இரண்டு கையையும் தூக்கி, பூங்காவின் விதி எல்லாம் காற்றில் பறக்க, கூ என்று கூவினார். பெட்டியில் இருந்த எல்லோரும் கூவினார்கள். தள்ளுகிறவர்கள் மூச்சு வாங்கினார்கள். குளத்தைச் சுற்றி வந்ததும் சுரங்கம் எதிரே வந்தது.

"தலை, தலை!" என்று இயக்குநர் கத்தினார்.

எல்லோரும் குனிந்தார்கள். தலைவர் குனிந்தார், இயக்குநர் அவர் முதுகின் மேல் கவிழ்ந்து குனிந்தார், உறுப்பினர்கள் குனிந்தார்கள். ஒருவர் தலையும் இடிக்கவில்லை. சுகமாக உள்ளே போய், சுகமாக வெளியே வந்து, மறுபடியும் நிமிர்ந்தார்கள்.

லிப்ட்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் மனைவி சின்னவளை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

சுற்று முடிந்தது. ஊதல் முகமெல்லாம் சிவந்து, பின்னல் அவிழ்ந்து, முடி பறக்க ஓடிவந்து மர டிரைவருக்குக் கீழே போய் நின்றாள். மையத்தில் கற்றுக்கொடுத்தபடி தலை நிமிர்ந்து நின்றாள். உச்சி கையில் தட்டியது. இயக்குநர் குனிந்து, சாய்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"முடிதான் சார் அது, முடி!" என்று லிப்ட்காரர் பாய்ந்து வந்து மகளின் தலையை இரண்டு கையாலும் அழுத்தினார். "அழுத்தினா போயிடும் பாருங்க. நீங்கள்லாம் குனிஞ்சீங்களே சார், அவளும் குனிஞ்சுக்குவா. ஒரே ஒரு சுத்து. நானே தள்ளறேன் சார்."

"அப்பா, வலிக்குது," என்றாள் ஊதல்.

இயக்குநர் அவருடைய கைகளை மெதுவாக எடுத்துவிட்டார். முகத்தில் உண்மையான சந்தோஷம். "எதுக்குங்க அழுத்தறீங்க? மொதல் நாள் வந்தப்ப எவ்வளவு இருந்தா? இப்ப பாருங்க. எங்க கிட்ட வந்து இந்தக் குழந்தை எவ்வளவு வளர்ந்துட்டா! இதவிட என்ன வேணும் ஒரு பெத்தவனுக்கு?" தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். தலைவரும் மகிழ்ந்தார். ஊதலை மர டிரைவரின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள், மையத்தின் வளர்ச்சியைக் காட்டுவதற்காக. கைக்குக் கீழே இருந்த பொடிசுகளுக்கு மோட்டார் சரியானதும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். கிளம்பும்போது இயக்குநர் மனைவியின் இடுப்பிலிருந்த சின்னவளின் கன்னத்தைக் கிள்ளி, "இவளை எப்ப சேர்க்கறீங்க?" என்றார்.

மனைவி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஊதல் வழியில் அழவில்லை. அழுதிருந்தால் அவர் சமாதானம் சொல்லியிருப்பார். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அவரே நாற்காலிகளை எல்லாம் இழுத்து வரிசையாகப் போட்டார். பல நாளாக யாரும் போடாத வரிசை அது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, "வாம்மா, ஓட்டு. வண்டி கெளம்பட்டும்," என்றார். சின்னவள் நடு நாற்காலியைப் பார்த்து ஓடினாள். கூ, கூ என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

ஊதல் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினாள்.

"ஏறாத. ரயில்னா என்ன? மொதல்ல அதைச் சொல்லு."

"கூ!" என்றாள் சின்னவள் ஆசையாக.

"தப்பு. கீழ உக்காரு."

லிப்ட்காரர் எழுந்தார். "விடும்மா, பாவம். சும்மா ஏறட்டும். வா, அப்பா தள்ளறேன், பாரு, வண்டி போகுது..." என்று நாற்காலியைப் பிடித்துத் தள்ளினார். அது தரையில் கீச்சென்று நகர்ந்தது.

"அப்பா," என்றாள் ஊதல். குரலில் கோபம் இல்லை. டீச்சரம்மாவின் நிதானம்தான் இருந்தது. "சத்தம் போடக்கூடாது. வண்டி லேட்டு. நீயும் உக்காரு."

அவர் உட்கார்ந்தார். சின்னவள் அக்காவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு, காலை மடக்கி, தரையில் அசையாமல் உட்கார்ந்தாள். முதல் நாளுக்கு மிக நன்றாகவே உட்கார்ந்திருந்தாள்.